சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிடம் பொறுத்துக்கொண்ட மாதிரி இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். முதல் நாள் இரவே போய்த் தங்கிவிட்டோம். காலை ஐந்தரை மணிக்கு அடுக்களையில் பெண்கள் கூட்டம். ஒரு கையில் காப்பி டம்ளர், மறு கையில் சின்னதாக ஒரு மாத்திரை. என் நாத்தனார், அவர் மருமகள், என் ஒன்றுவிட்ட தங்கை என்று மூன்று பேரும் தைராய்டு மாத்திரையைக் காப்பியோடு விழுங்கினார்கள். நாலாவதாக வளைகாப்புப் பெண்ணே வந்து சேர்ந்தாள். அவள் கையில் தைராய்டு மாத்திரையோடு இரும்புச்சத்து மாத்திரையும் இருந்தது.

"ஏம்மா, எல்லாத்தையும் ஒண்ணா போடுறே?" என்றேன்.

"வெறும் வயித்துல போடணும்னு டாக்டர் சொன்னாங்க அத்தை. வெறும் வயித்துலதானே போடுறேன்?" என்றாள்.

நம் வீடுகளில் காப்பியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. நானும் ஒன்பது வருடம் சேர்க்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எனக்குத் தைராய்டு குறைவு என்று 2009இல் சொன்னார்கள். 50 மைக்ரோகிராம் மாத்திரையில் ஆரம்பம். அடுத்த ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். குறையவில்லை என்று 75 ஆக்கினார்கள். பிறகு 100, அப்புறம் 125. ஒவ்வொரு முறையும் டாக்டர், "மாத்திரையை விடாம போடுறீங்களாம்மா?" என்று கேட்பார். எனக்கு ரோஷமாக இருக்கும். ஒரு நாள்கூட விட்டதில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு என் வீட்டுக்காரர் டிகாக்‌ஷன் இறக்கி, நுரை பொங்க ஆற்றி, டபரா ஓரத்தில் மாத்திரையையும் வைத்துக் கொண்டுவந்து தருவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குச் செய்த உபகாரங்களில் அந்தக் காலைக் காப்பிக்குத்தான் முதலிடம் தருவேன்.

அந்த வருடங்களில் என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன். கரும்பலகையில் எழுதக் கை வலிக்கும் என்று உங்களில் ஒருவரை எழுதச் சொல்வேன். எதற்கெடுத்தாலும் சிடுசிடுவென்று விழுவேன். என் சுபாவமே அப்படி என்று நீங்கள் நினைத்திருக்கலாம். கொஞ்சம் சுபாவமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூன்றாம் பாடவேளைக்கே உடம்பு மூட்டை சுமந்தது போலாகிவிடும். அப்போது என்னிடம் திட்டு வாங்கிய பிள்ளைகள் மன்னித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்தது எங்கள் ஊர் மருந்துக்கடையில் நிற்கும் பழைய மாணவன். அட்டையைக் கொடுத்துவிட்டு, "டீச்சர், இத எதோட போடுறீங்க?" என்றான். காப்பியோடு என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "நாங்க தப்பா எழுதினா கையில ஸ்கேல் வெச்சு அடிப்பீங்களே டீச்சர்" என்றான்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை? படிக்கப் படிக்க ஒன்று ஆச்சரியமாக இருந்தது. ஒரு மருந்தை எதோடு விழுங்கினோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது என்று உலகத்துக்கே மெதுவாகத்தான் தெரிந்திருக்கிறது. அதுவும் பெரும்பாலும் நோயாளிக்கு நல்லது செய்யப்போய்த் தெரிந்திருக்கிறது.

என் மாத்திரையிலிருந்தே தொடங்குகிறேன். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு குறைவால் உடம்பு வீங்கி, பேச்சும் நடையும் மந்தமாகிப்போன 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மா தேறினார். மறு வருடமே ஹெக்டர் மெக்கன்சி, எட்வர்ட் ஃபாக்ஸ் என்ற இருவர், ஊசி எதற்கு, வாய் வழியாகவே கொடுக்கலாமே என்று கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்டுச் சுரப்பியை லேசாக வறுத்து, கொத்தி, பழ ஜெல்லியோடு சேர்த்து உண்ணக் கொடுத்திருக்கிறார்கள். முன்னா பின்னா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. மருந்தே சாப்பாடு! அதுவும் வேலை செய்தது. மர்ரேயின் அந்த முதல் நோயாளி 28 வருடம் மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டு 1919 வரை வாழ்ந்தார். அவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி செலவானதாகக் கணக்கு.

பிறகு 1914 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் அந்தச் சுரப்பியின் சாரத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். மூன்று டன் சுரப்பியிலிருந்து கிடைத்தது சுமார் 33 கிராம். 1927 வாக்கில் லண்டனில் சார்லஸ் ஹாரிங்டன் அதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்தார். இனி ஆடு வேண்டாம் என்று எல்லோரும் நினைத்தபோது ஒரு சிக்கல். சுத்தமான தைராக்சின் குடலில் சரியாகச் சேரவில்லை. நாட்டு மருந்து போல விலங்குகளின் சுரப்பியை உலர்த்திப் பொடித்த மாத்திரைதான் பல வருடம் ஓடியது. தைராக்சினைச் சோடியம் உப்பாக மாற்றிக் கொடுத்த பிறகே நிலைமை மாறியது. இன்று நாம் விழுங்குவது அதைத்தான்.

அளவையும் யோசித்துப் பாருங்கள். 100 மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்காக்கியதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரிகிற மாத்திரையில் பெரும்பகுதி வெறும் மாவு. இத்தனை சின்ன அளவில் கொஞ்சம் வீணானாலும் டி.எஸ்.எச். உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ் பீமாவரத்துக்காரர். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் தேறியவர். (மதிப்பெண் குறைந்ததற்கு அழுத என் மாணவர்கள் கவனிக்க.) பிறகு மாநிலக் கல்லூரி, அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்து அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். அமெரிக்கா போய் ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்து, பின்னர் லெடர்லி நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவரானார்.

அங்கே அவர் மேற்பார்வையில் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர் வேலை பார்த்தார். பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், எழுபது வயதைத் தாண்டியவர். ஊர் ஊராக மண் மாதிரி வரவழைத்து அதில் உள்ள நுண்ணுயிர்களைச் சோதிப்பது வேலை. மிசௌரியிலிருந்து வந்த வயல் மண்ணில் தங்க நிறத்தில் ஒரு நுண்ணுயிர் வளர்ந்தது. அதிலிருந்து கிடைத்த மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயர் வைத்தார்கள். 1948 ஜூலையில் உலகுக்கு அறிவித்தார்கள். டெட்ராசைக்ளின் குடும்பத்தில் மூத்த பிள்ளை அதுதான். அடுத்த மாதமே சுப்பாராவ் 53 வயதில் தூக்கத்தில் இறந்துபோனார். ஓய்வு பெற்ற பிறகு டக்கர் ஒரு மருந்துக் குடும்பத்தையே கண்டுபிடித்திருக்கிறார். நான் பேஸ்புக்கில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஊசி வேண்டாம், வாயில் போட்டாலே போதும், பலவிதக் கிருமிக்கும் கேட்கும் என்று ஆரியோமைசினுக்கு நல்ல பெயர். ஒரே குறை, வயிற்றைப் புரட்டும். பாவம், நோயாளி வாந்தி எடுக்கிறாரே என்று மருத்துவர்கள் அதனோடு அலுமினியம் ஹைட்ராக்சைடு கலந்த வயிற்று மருந்தைக் கொடுத்தார்கள். நெஞ்செரிச்சலுக்கு நாம் குடிக்கிற வெள்ளைத் திரவ வகைதான். சிலர் பாலோடு கொடுத்தார்கள். புரட்டல் அடங்கியது. 1950இல்தான் இருவர் ரத்தத்தை எடுத்து அளந்து பார்த்தார்கள். அந்த வெள்ளை மருந்தோடு விழுங்கியபோது ரத்தத்தில் ஆரியோமைசின் வெகுவாகக் குறைந்திருந்தது.

காரணம் பிற்பாடு தெளிவானது. டெட்ராசைக்ளின் மூலக்கூறு உலோகத்தைக் கண்டால் கட்டிப்பிடித்துக்கொள்ளும். அலுமினியம், கால்சியம், இரும்பு எதுவானாலும் சரி. பிடித்தபின் இரண்டும் சேர்ந்து குடல் சுவரைத் தாண்ட முடியாத பொருளாகி, வெளியே போய்விடும். பாலில் கால்சியம் நிறைய. ஒரு டம்ளர் பாலே மருந்தில் பாதிக்கு மேல் வீணாக்கப் போதும். 1970இல் பின்லாந்தில் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் அதே கதைதான்.

இதைப் படித்தபோது எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது. எழுபதுகளின் நடுவில் அப்பாவுக்குக் காலில் மண்வெட்டி பட்டுப் புண்ணாகி, டெட்ராசைக்ளின் காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார்கள். "சூடான மருந்து, வயித்தப் புண்ணாக்கிரும்" என்று அம்மா ஒவ்வொரு வேளையும் எங்களுக்குக்கூடத் தராமல் அரை டம்ளர் பசும்பாலை அப்பாவுக்கு எடுத்துவைப்பார். புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. பாலால்தான் என்று நான் சொல்ல வரவில்லை. வெறுங்காலோடு சேற்றில் நின்ற மனிதர் அவர். ஆனால் அம்மா இருந்தால் இதைச் சொல்வேனா என்று யோசித்தேன். சொல்லியிருக்க மாட்டேன்.

இரும்புக்கு வருகிறேன். பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சத்துணவு முடிந்ததும் வரிசையில் நிற்கவைத்து, விழுங்கியாயிற்றா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்போம். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்பது வயிற்றுப் புரட்டலுக்குப் பயந்துதான். வெறும் வயிற்றில் இரும்பு கூடுதலாகச் சேரும், ஆனால் பாதிப் பிள்ளைகள் குமட்டி, அடுத்த வாரம் மாத்திரையைப் பார்த்தாலே ஓடுவார்கள். கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும் உள்ளே போனால் சரி என்ற கணக்கு. அது நியாயமான கணக்கு என்றே இப்போதும் நினைக்கிறேன்.

நியாயமில்லாத வேலை ஒன்றை நான் செய்தேன். எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மாத்திரை விழுங்கினாலே கசப்பு தாங்காது. நகமெல்லாம் வெளுத்து, பிரார்த்தனைக் கூட்டத்தில் அடிக்கடி மயங்கி விழுகிற பிள்ளை. ஆசிரியர் அறைக்கு வரும் டீயில் என் பங்கைக் கொடுத்து, "இதோட முழுங்கிருடா கண்ணு" என்று ஒரு வருடம் முழுக்கச் செய்தேன். மற்ற டீச்சர்கள் என்னைப் பாராட்டினார்கள்.

1975இலேயே தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து வெளியிட்டிருந்தார்கள். உடம்பில் போகும் இரும்பை அடையாளம் காணக் கதிரியக்க இரும்பைப் பயன்படுத்தி, ரொட்டி, சோறும் உருளைக்கிழங்கும் கொண்ட சாப்பாடு, வெறும் இரும்புக் கரைசல் என்று பலதையும் தேநீரோடும் தேநீர் இல்லாமலும் கொடுத்துப் பார்த்தார்கள். தேநீரோடு சாப்பிட்டபோது ரொட்டியிலிருந்து சேர்ந்த இரும்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடுகிறது. கறுப்பு மைகூட அந்தக் காலத்தில் இப்படித் துவர்ப்பையும் இரும்பையும் சேர்த்துத்தான் செய்தார்கள். ஆக, அந்தப் பிள்ளையின் வயிற்றில் நான் மை காய்ச்சியிருக்கிறேன்.

1983இல் அமெரிக்காவில் காப்பிக்கும் பார்த்தார்கள். தேநீர் அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் நன்றாகவே குறைக்கிறது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் காப்பி குடித்தால் பாதகமில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால், கூடவே குடித்த அளவுக்குக் கெடுதல். மதியச் சாப்பாடு முடிந்து ஏப்பம் அடங்குவதற்குள் "ஒரு காப்பி போடேன்" என்கிறவர்கள் நம் குடும்பத்தில் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

உடனே எல்லா மாத்திரையையும் வெறும் வயிற்றில் போட ஆரம்பித்துவிடாதீர்கள். நேர் எதிரான கதையும் இருக்கிறது. படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபல்வின் தண்ணீரில் சரியாகக் கரையாத மருந்து. 1961இல் ஒரு தோல் மருத்துவர் அதைக் கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு கொடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் மருந்து நன்றாக ஏறியது. எண்ணெய், நெய் உள்ளே போனால் பித்தநீர் சுரக்கும், மருந்து அதில் கரைந்து சேரும். பிப்ரவரியில் பள்ளிகளில் கொடுக்கும் குடற்பூச்சி மாத்திரையான அல்பெண்டசோலும் இதே இனம். ஆனால் அதில் வேடிக்கை பாருங்கள், பூச்சி குடலிலேயே இருப்பதால் அது ரத்தத்தில் சேர வேண்டிய அவசியமே இல்லை. அதே மாத்திரையை மூளையில் தங்கிய நாடாப்புழுக் கட்டிக்குக் கொடுத்தால், அப்போது கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் கொடுப்பார்கள். ஒரே மாத்திரை, இரண்டு விதம். வலி மாத்திரைகள் பலவற்றைச் சாப்பிட்டபின் போடச் சொல்வது வயிறு புண்ணாகாமல் இருக்க.

எங்கள் தாத்தா காலத்துச் சித்த வைத்தியர் சூரணத்தைக் கையில் கொடுக்கும்போதே தேனிலா, நெய்யிலா, வெந்நீரிலா, வெற்றிலைச் சாற்றிலா என்று அனுபானத்தையும் சேர்த்துத்தான் சொல்வார். அந்தக் காரணங்களும் இந்தக் காரணங்களும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கான படிப்பு எனக்கில்லை. ஆனால் எதோடு சாப்பிட வேண்டும் என்று சொல்லாமல் அவர் யாரையும் அனுப்பியதில்லை. இப்போது மருந்துக் கவரில் "சா.மு", "சா.பி" என்று பேனாவால் கிறுக்கித் தருவதோடு சரி.

இன்னொரு கதை கனடாவில் லண்டன் என்ற ஊரில் நடந்தது. டேவிட் பெய்லி என்பவர், ஃபெலோடிபின் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார். மதுவின் ருசி தெரியாமல் மறைக்க, வீட்டில் இருந்த பழச்சாறுகளை ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்துக் கிரேப்ஃப்ரூட் சாற்றைத் தேர்ந்தெடுத்தார். சோதனையில் மது குடித்தவர், குடிக்காதவர் இரண்டு பேர் ரத்தத்திலும் மருந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இருந்தது. இருவருக்கும் பொது அந்தச் சாறுதான்! தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தபோது சுமார் ஐந்து மடங்கு. 1991இல் லான்செட் இதழில் வெளியிட்டார். நம் குடல் சுவரில் ஒரு காவல்காரன் உண்டு, அதாவது ஒரு நொதி. அவன் இந்த மருந்தின் பெரும்பகுதியை உள்ளே விடாமல் சிதைத்துவிடுவான். மருந்தின் அளவே அவன் சிதைப்பது போக மிச்சம் எவ்வளவு என்று பார்த்துத்தான் நிர்ணயித்திருப்பார்கள். அந்தச் சாறு காவல்காரனைப் படுக்கவைத்துவிடுகிறது. நம் ஊரில் கிரேப்ஃப்ரூட் அபூர்வம். ஆனால் அதற்குத் தாய்ப்பழம் பம்பளிமாஸ், அதிலும் இதே சரக்கு இருக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையோ ரத்தக்கொதிப்பு மாத்திரையோ போடுகிறவர்கள், கூடை நிறையப் பம்பளிமாஸ் கிடைத்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

என் காப்பிக்கு வருவோம். 2008இல் இத்தாலியில் பென்வெங்கா என்ற மருத்துவரும் அவர் சகாக்களும், தைராக்சின் அளவை ஏற்றிக்கொண்டே போயும் டி.எஸ்.எச். எதிர்பார்த்தபடி இறங்காத 8 பேரைப் பற்றி எழுதினார்கள். எல்லோரும் மாத்திரையைக் காப்பியோடு விழுங்குகிறவர்கள்! அவர்கள் குடித்தது எஸ்பிரெஸோ, நம் டிகாக்‌ஷனுக்கு அண்ணன். காப்பி மருந்தைக் குடலில் சேரவிடாமல் தடுக்கிறது என்று ரத்தத்தில் அளந்து காட்டினார்கள். எனக்கு மாத்திரை எழுதுவதற்கு ஒரு வருடம் முன்பே அது அச்சாகிவிட்டது. இத்தாலிக்கும் எங்கள் ஊருக்கும் தூரம் அதிகம்.

இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி அதற்கும் முன்னே, 1992இல் கனடாவில் எழுதிவிட்டார்கள். தைராய்டு மாத்திரை போடும் 14 பேருக்கு இரும்பையும் கூடவே 12 வாரம் கொடுத்தார்கள். சராசரி டி.எஸ்.எச். 1.6இலிருந்து 5.4 ஆக ஏறியது. வளைகாப்புப் பெண்ணிடம் அன்று இதைத்தான் சொன்னேன். கர்ப்பத்தில் தாயின் தைராய்டு குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் வேண்டும். தைராய்டு மாத்திரை விடிந்ததும் வெறும் தண்ணீரில். அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி. இரும்பு, கால்சியம் மாத்திரைகள் நாலு மணி நேரம் தள்ளி. அவளுக்கு முகம் வாடிவிட்டது. "இத்தனை மாசமா இப்படித்தானே அத்தை போட்டேன்?" என்றாள். அடுத்த நாளே டாக்டரிடம் போகச் சொன்னேன். ரத்தம் பார்த்தார்கள். எண் கொஞ்சம் கூடுதல்தான், பயப்படும்படி இல்லை. நேரத்தை மாற்றிக்கொண்டு மறுபடி பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் முடிவு வரும். எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது.

மாத்திரை போடுகிற உறவுகளே, நான் சொன்னேன் என்று யாரும் அளவைத் தானாகக் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம். நேரத்தை மாற்றினால் உள்ளே போகும் அளவு மாறும். ஆறு எட்டு வாரத்தில் ரத்தம் பார்த்து டாக்டர் சொல்லட்டும். எனக்கு அப்படித்தான் 125இலிருந்து 100, இப்போது 75இல் நிற்கிறது.

மருந்துக்கடைப் பையன் சொன்ன அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒன்பது வருடமா என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்தார். வேறு எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் வந்தன. காப்பி ஆறு மணிக்கு வந்தது. இடையில் அந்த ஒரு மணி நேரமும் அவரும் காப்பி குடிக்கவில்லை. இன்றுவரை குடிப்பதில்லை.

என் டீயோடு மாத்திரை விழுங்கிய அந்த எட்டாம் வகுப்புப் பெண் இதைப் படித்தால், பெயர் சொல்ல வேண்டாம், நகம் இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதம்மா.

அன்புடன்,
உங்கள் டீச்சர்